ஒரே பாண்டா, ஐந்து விதமான புள்ளிகள்: குடும்பப் படத்துக்கான பார்வையாளர் கருத்துகளை வாசிப்பது எப்படி?

‘குங்ஃபூ பாண்டா’ திரைப்பட வரிசையின் நான்காம் பாகம் 2024 மார்ச்சில் வெளியானது. பிள்ளைகளைக் கூட்டிச் செல்லலாமா என்று இணையத்தில் தேடிப் பார்த்த பெற்றோருக்கு ஒன்றுக்கொன்று ஒட்டாத எண்களே கிடைத்தன. ஒரு தளத்தில் விமர்சகர் மதிப்பீடு 70 வீதத்தைச் சற்றே தாண்டி நின்றது. அதே பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில், பார்வையாளர் மதிப்பீடு 80 வீதத்துக்கு மேல். இன்னொரு தளத்தில் பத்துக்கு ஆறு சொச்சம். வேறொன்றில் நூற்றுக்கு ஐம்பது சொச்சம். திரையரங்க வாசலில் எடுத்த கணிப்பிலோ ‘ஏ மைனஸ்’.

கொழும்பில் ஒரு குடும்பம் நான்கைந்து பேராகத் திரையரங்குக்குப் போய்வருவது இன்று சிறிய செலவல்ல. டிக்கெட், முச்சக்கரவண்டி, இடைவேளையில் பிள்ளை கேட்கும் பொப்கோர்ன் எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு வாரக் கறிச் செலவு போய்விடும். போகுமுன் நாலு பேரின் கருத்தைக் கேட்பது நியாயமானதே. ஆனால் எந்த நாலு பேர், அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி எது என்று தெரியாவிட்டால் அந்தக் கருத்தால் பயனில்லை. மேலே சொன்ன ஐந்து எண்களில் ஒன்றுகூடப் பொய்யல்ல. ஐந்தும் ஐந்து வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

முதலில், இது என்ன வகைப் படம்?

ட்ரீம்வேர்க்ஸ் அனிமேஷன் நிறுவனம் முதல் பாகத்தை 2008இல் வெளியிட்டது. இயக்கியவர்கள் ஜோன் ஸ்டீவன்சனும் மார்க் ஒஸ்போர்னும். பழைய சீனத்தை நினைவூட்டும் ஒரு பள்ளத்தாக்கில் கதை நடக்கிறது. அங்கே மனிதர் எவருமில்லை, விலங்குகள் மட்டுமே. நூடுல்ஸ் கடை நடத்தும் ஒரு வாத்தின் வளர்ப்பு மகன் போ. பருத்த உடம்பும் தீராப் பசியும் குங்ஃபூ மீது அடங்காத காதலும் கொண்ட பாண்டா. எதிர்பாராத விதமாக அவனையே மாவீரனாகத் தெரிவுசெய்துவிடுகிறார் ஒரு கிழ ஆமை. அவனைப் பயிற்றவேண்டிய ஆசான் ஷிஃபுவுக்கும், பல ஆண்டுகள் உழைத்து அந்த இடத்துக்குக் காத்திருந்த ஐந்து மாணவர்களுக்கும் இது பொறுக்கவில்லை.

இரண்டாம் பாகத்தை 2011இல் ஜெனிஃபர் யூ நெல்சன் இயக்கினார். 2016இல் வந்த மூன்றாம் பாகத்தில் அவரோடு அலெஸாண்ட்ரோ கார்லோனி சேர்ந்துகொண்டார். 2024இன் நான்காம் பாகம் மைக் மிட்செலின் பொறுப்பில் உருவானது. போவுக்குக் குரல் கொடுப்பவர் நான்கிலும் ஜாக் பிளாக்.

இத்தகைய படம் ஒரே நேரத்தில் மூன்று வாக்குறுதிகளைத் தருகிறது:

1. நகைச்சுவை என்ற வாக்குறுதி. சிரிக்க வேண்டும், அதுவும் அடிக்கடி.
2. தற்காப்புக் கலை என்ற வாக்குறுதி. சண்டை வெறும் அடிதடியாக இல்லாமல், பயிற்சியும் நுட்பமும் தெரிகிற சண்டையாக இருக்க வேண்டும். ‘குங்ஃபூ’ என்ற சொல்லே நெடுங்கால உழைப்பால் கைவந்த திறன் என்ற பொருளைத்தான் முதலில் தருகிறது; சண்டைக்கு மட்டும் உரிய சொல் அல்ல.
3. குடும்பம் என்ற வாக்குறுதி. ஆறு வயதுப் பிள்ளை பயந்து அழக்கூடாது, அறுபது வயதுப் பாட்டிக்கு அலுப்புத் தட்டக்கூடாது.

ஒருவர் படத்தைப் பற்றி எழுதும் கருத்து, இந்த மூன்றில் எதை நம்பி அவர் உள்ளே போனார் என்பதைப் பொறுத்தது. கருத்துகளை வாசிக்கும்போது இதை மறக்கவே கூடாது.

புள்ளிகள் எப்படிக் கணக்கிடப்படுகின்றன?

எங்கள் பிள்ளைகளின் சாதாரண தரப் பரீட்சையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாடசாலையில் கணிதத்தில் ‘சித்தி எய்தியோர் வீதம்’ 90 என்றால், அங்குள்ள மாணவர் சராசரியாக 90 புள்ளி பெற்றார்கள் என்று யாரும் பொருள்கொள்வதில்லை. எல்லாரும் 40, 45 என்று ஓரமாகத் தேறியிருக்கவும் கூடும். சித்தி வீதம் வேறு, சராசரிப் புள்ளி வேறு. படங்களுக்கான மதிப்பீட்டிலும் இதே வேறுபாடுதான் பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம்.

1. ரொட்டன் டொமேட்டோஸ், விமர்சகர் வீதம். இது சித்தி வீதம். ஒவ்வொரு விமர்சனமும் ‘சாதகம்’ அல்லது ‘பாதகம்’ என்று பிரிக்கப்படுகிறது. நூற்றில் எத்தனை சாதகம் என்பதே அந்த எண். 60 வீதத்தைத் தொட்டால் ‘நல்ல தக்காளி’ அடையாளம் கிடைக்கும். பத்து விமர்சகர்களும் “பரவாயில்லை, பார்க்கலாம்” என்று பத்துக்கு ஆறு கொடுத்தால்கூடப் படத்துக்கு 100 வீதம் வந்துவிடும்.

2. ரொட்டன் டொமேட்டோஸ், பார்வையாளர் வீதம். இதுவும் சித்தி வீதமே. ஐந்து நட்சத்திரத்தில் மூன்றரையோ அதற்கு மேலோ கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்பதே கணக்கு. 2019 முதல், டிக்கெட் வாங்கியதை உறுதிசெய்தவர்களின் கருத்துக்கு இத்தளம் முன்னுரிமை கொடுக்கிறது.

3. ஐஎம்டிபி. இது சராசரிப் புள்ளி. பதிவுசெய்த எவரும் ஒன்று முதல் பத்து வரை கொடுக்கலாம். கூட்டாகக் குவிந்து புள்ளியை ஏற்றவோ இறக்கவோ முயல்வதைத் தடுப்பதற்காக, நேர்ச் சராசரி எடுக்காமல் நிறையிட்ட சராசரி எடுக்கிறார்கள்; அதாவது எல்லாருடைய புள்ளிக்கும் ஒரே மதிப்புக் கொடுப்பதில்லை. நிறையிடும் முறையை அவர்கள் முழுமையாக வெளியிடுவதில்லை.

4. மெட்டாகிரிட்டிக். விமர்சகர்கள் கொடுத்த புள்ளிகளின் நிறையிட்ட சராசரி. “பரவாயில்லை” என்ற விமர்சனங்கள் குவியும்போது ரொட்டன் டொமேட்டோஸில் 70 பெறும் படம் இங்கே 50களில் நிற்பது வழக்கமே. நான்காம் பாகத்துக்கு நடந்தது அதுதான். அதைக் கண்டு “ஒரு தளம் பொய் சொல்கிறது” என்று முடிவுகட்டத் தேவையில்லை.

5. சினிமாஸ்கோர். 1970களின் இறுதியில் லாஸ் வேகாஸில் தோன்றிய நிறுவனம். படம் வெளியாகும் முதல் நாள், அமெரிக்க, கனேடிய நகரங்கள் சிலவற்றின் திரையரங்குகளில் பார்வையாளர்களிடம் சிறிய அட்டையைக் கொடுத்து, ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை தரம் கேட்கிறது. இதில் குடும்பப் படங்கள் பெரும்பாலும் ‘ஏ’ வரிசையிலேயே வரும். முதல் மூன்று பாகங்களும் ‘ஏ’ பெற்றன. நான்காம் பாகம் ‘ஏ மைனஸ்’. காகிதத்தில் இது சிறிய சறுக்கல்தான். ஆனாலும் முதல் நாளே குடும்பத்தோடு வரிசையில் நின்றவர்கள் விருப்பத்தோடு வந்தவர்கள். அவர்களின் கையிலிருந்தே கழிந்த அரைப் படி என்பதால் அதைப் பொருட்படுத்தவேண்டும்.

புள்ளி போடுபவர் யார்?

எண்ணைவிட முக்கியமான கேள்வி இது. முதல் பாகத்துக்கே நேர்ந்த ஒன்று இதைத் தெளிவாகக் காட்டும். 2009 ஜனவரியில், அனிமேஷன் துறையினரின் ஆனி விருதுகளில் ‘குங்ஃபூ பாண்டா’ சிறந்த படம் உட்படப் பத்து விருதுகளை அள்ளியது. அதனோடு போட்டியிட்ட, பிக்ஸார் நிறுவனத்தின் ‘வோல்-ஈ’க்கு அங்கே ஒரு விருதுகூடக் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் ஒஸ்கார் மேடையில் சிறந்த அனிமேஷன் படமாக வென்றதோ ‘வோல்-ஈ’. சில வார இடைவெளியில் அதே இரண்டு படங்கள். வாக்களித்த கூட்டம் மட்டும் வேறு.

பார்வையாளர் கருத்துகளிலும் அப்படியே. டிக்கெட்டை உறுதிசெய்யும் ஏற்பாடு அமெரிக்க டிக்கெட் விற்பனையோடு பிணைந்தது. சினிமாஸ்கோர் அட்டை வட அமெரிக்காவைத் தாண்டுவதில்லை. வெள்ளவத்தை சவோயிலோ கொள்ளுப்பிட்டி லிபர்ட்டியிலோ பம்பலப்பிட்டி மெஜஸ்டிக் சிட்டியிலோ படம் பார்த்துவிட்டு வரும் ஒரு குடும்பத்தின் சிரிப்பும் சலிப்பும் அந்த எண்களில் ஏறுவதில்லை. ஆகவே “பார்வையாளர் 80 வீதம்” என்று வாசிக்கும்போது, அந்தப் பார்வையாளர் எங்களைப் போன்றவர் என்று எடுத்துக்கொண்டுவிடக் கூடாது.

வசூல் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் பாகம் உலகெங்கும் ஏறத்தாழ 630 மில்லியன் டொலர் ஈட்டியது. இரண்டாம் பாகம் 665 மில்லியனளவு. மூன்றாம் பாகம் 520 மில்லியனைச் சற்றே தாண்டியது. விமர்சகர்கள் குறைவாக மதித்த நான்காம் பாகம் அதையும் முந்தி 540 மில்லியனுக்கு மேல் போனது. டிக்கெட் வாங்குவது படம் பார்ப்பதற்கு முன் நடக்கும் செயல். வசூல் காட்டுவது எதிர்பார்ப்பையும், அந்த மாதத்தில் பிள்ளைகளுக்கு வேறு படம் இருந்ததா இல்லையா என்பதையும். அதைக் கருத்தாக எண்ணிவிடலாகாது.

சண்டை சிரிப்பாவது எப்படி? ஒரு காட்சியை அருகில் வைத்துப் பார்ப்போம்

குங்ஃபூவையும் நகைச்சுவையையும் சேர்த்துப் பிசைந்தது ஹொலிவூட் அல்ல. 1978இல் யுவென் வூ-பிங் இயக்கி ஜாக்கி சான் நடித்த இரண்டு ஹொங்கொங் படங்கள்தான் இந்த வகைக்கு வலுவான அடித்தளம் போட்டன. அவற்றில் ஒன்றில், கிழட்டு ஆசான் ஒரு கிண்ணத்தைக் காட்டி, முடிந்தால் பறித்துக்கொள் என்று மாணவனை ஆட்டிவைப்பார். பறிக்க முயன்று முயன்று மாணவனின் காலும் கையும் பழகிவிடும். தண்டனையைப் போலத் தெரிந்தது பாடமாகிவிடும். அதே ஜாக்கி சான் பாண்டா வரிசையில் குரங்குக்குக் குரல் கொடுப்பது தற்செயலாக அமைந்ததாகத் தோன்றவில்லை.

முதல் பாகத்தில் இதன் வாரிசாக ஒரு காட்சி வருகிறது. எந்தப் பயிற்சியும் போவுக்கு ஏறவில்லை. ஒருநாள் அவன் தின்பண்டம் தேடி, உயரத்திலுள்ள அடுக்குகளில் தன்னை அறியாமலே இரு கால்களையும் அகல விரித்து நிற்பதை ஷிஃபு கண்டுவிடுகிறார். உணவைக் காட்டினால் இந்த உடம்பு எதையும் செய்யும் என்பது அவருக்குப் புரிகிறது. மலைக்குக் கூட்டிச் சென்று, பயிற்சி முடிந்தால் சாப்பாடு என்று உடன்படிக்கை செய்கிறார். கடைசி நாள் ஒரு கிண்ணம். அதில் எங்கள் மோதகத்தைப் போல ஆவியில் அவித்த பண்டங்கள். போ ஒன்றை எடுக்கிறான், ஷிஃபு தட்டிப் பறிக்கிறார். இன்னொன்றை எடுக்கிறான், அதுவும் போகிறது. கடைசி ஒன்றுக்காக இருவரும் சாப்பாட்டுக் குச்சிகளால் மோதுகிறார்கள். பண்டம் வானத்தில் பறக்கிறது, கிண்ணத்துக்குள் ஒளிகிறது, குச்சி முனையில் சுழல்கிறது. முடிவில் அது போவின் கையில். நாள் முழுவதும் பட்டினி கிடந்தவன் அதைப் பார்க்கிறான். பின் ஷிஃபுவிடமே எறிந்துவிட்டு, பசிக்கவில்லை என்கிறான். இருவரும் தலை தாழ்த்துகிறார்கள்.

இந்தச் சில நிமிடங்கள் ஏன் எல்லா வயதினரையும் ஒன்றாகக் கட்டிப்போடுகின்றன?

1. இலக்குத் தெளிவாக இருக்கிறது. நான்கு வயதுப் பிள்ளைக்கும் அந்த ஒற்றைப் பண்டம் யாரிடம் இருக்கிறது என்பது விளங்கும். பின்தொடர மொழி தேவையில்லை.
2. உடம்பு முழுதும் கண்ணுக்குத் தெரிகிறது. வெட்டி வெட்டிக் காட்டாமல், கால் வைக்கும் இடமும் கை திரும்பும் விதமும் தெரியும்படி காட்டுகிறார்கள். தற்காப்புக் கலை தெரிந்தவர்களுக்கு இது விருந்து.
3. எவருக்கும் காயமில்லை. பெற்றோர் நிம்மதியாகப் பார்க்கலாம்.
4. சண்டையின் முடிவில் உறவு மாறிவிடுகிறது. தொடக்கத்தில் ஒருவரையொருவர் சகிக்காத இருவர், முடிவில் ஆசானும் மாணவனும். பெரியவர்களின் தொண்டையை அடைப்பது இந்த மாற்றம்தான்.

மேலே சொன்ன மூன்று வாக்குறுதிகளும் ஒரே காட்சியில் ஒன்றாக நிறைவேறுகின்றன. முதல் பாகத்துக்குத் தளங்கள் தந்த மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று அதிகம் முரண்படாமல் உயரத்தில் நிற்பதற்கு நான் காணும் காரணம் இதுவே. வாக்குறுதிகள் ஒரே காட்சியில் கூடினால் கருத்துகளும் கூடும். ஒன்றை நிறைவேற்றி மற்றதைக் கைவிட்டால், கைவிடப்பட்டதை நம்பி வந்தவர்கள் பிரிந்து போவார்கள்.

நான்காம் பாகத்தில் கருத்துகள் பிரிந்தது ஏன்?

கதைச் சுருக்கம் இது: போ இனிப் பள்ளத்தாக்கின் ஆன்மிகத் தலைவர் பதவிக்கு உயர வேண்டும், தன் இடத்துக்கு ஒரு வாரிசைத் தெரிவுசெய்ய வேண்டும். அவனுக்கு மனமில்லை. இந்த நேரத்தில் ஸென் என்ற திருட்டு நரி அவன் வழியில் குறுக்கிடுகிறது. வடிவம் மாற்றும் பச்சோந்தி ஒருத்தி, பழைய வில்லன்களை ஆவியுலகிலிருந்து அழைத்து அவர்களின் குங்ஃபூவைத் திருடுகிறாள்.

பார்வையாளரின் முறைப்பாடுகளில் முதலிடம் பெறுவது ஒன்றுதான்: பெண்புலி, குரங்கு, கொக்கு, பாம்பு, கும்பிடுபூச்சி ஆகிய ஐவரும் எங்கே? அவர்கள் வேறு பணிகளுக்குப் போய்விட்டதாகச் சொல்லி, இறுதிப் பெயர்ப்பட்டியல் ஓடும்போது மட்டும் தலைகாட்டச் செய்கிறார்கள். பழைய நண்பர்களைக் காணவில்லை என்ற ஏக்கம் இதில் உண்டு. அதோடு கலை பற்றிய ஓர் இழப்பும் உண்டு. புலி, குரங்கு, கொக்கு, பாம்பு, கும்பிடுபூச்சி என்ற ஐந்தும் சீனத் தற்காப்புக் கலையில் உண்மையாகவே வழங்கும் பாணிகள். பாம்பு வளைந்து நெளிந்து தாக்குவதையும் கொக்கு ஒற்றைக் காலில் சமநிலை காப்பதையும் அருகருகே காட்டியதால்தான் முந்தைய பாகங்களின் சண்டைகளில் அத்தனை வேறுபாடு இருந்தது. ஐவர் போனபோது இரண்டாவது வாக்குறுதியின் பெரும்பகுதியும் அவர்களோடு போய்விட்டது.

தயாரிப்புச் செலவும் ஒரு தடயம். முதல் பாகத்துக்கு ஏறத்தாழ 130 மில்லியன் டொலர் செலவானது. நான்காம் பாகத்துக்குச் சுமார் 85 மில்லியன். இடையில் 16 ஆண்டுப் பணவீக்கத்தையும் சேர்த்து நினைத்தால் இடைவெளி இன்னும் பெரிது. பணம் குறைந்தால் படம் கெடும் என்று பொதுவிதி இல்லை. ஆனால் பாத்திரங்களின் எண்ணிக்கை, அவர்களுக்குப் பேசும் நட்சத்திரங்களின் சம்பளம், கூட்டச் சண்டைகளின் சிக்கல் ஆகியவை செலவோடு நேரே தொடர்புள்ளவை.

இனி மறுபக்கம். 2024இல் எட்டு வயதான பிள்ளை பிறந்ததே 2016இல், மூன்றாம் பாகம் வந்த ஆண்டில். திரையரங்கில் போவை அது பார்ப்பது இதுவே முதல் தடவை. ஐவரை அறியாத பிள்ளைக்கு ஐவர் இல்லாத குறை எப்படித் தெரியும்? நரியின் துடுக்கும் பச்சோந்தி உருமாறும் விந்தையும் அதற்குப் போதும். 2008இல் பத்து வயதில் முதல் பாகத்தைப் பார்த்தவருக்கோ இப்போது 26 வயது. அவர் எழுதும் மனம் நொந்த பதிவு, தன் சிறுபராயத்துக்காக எழுதும் பதிவு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் “என் மகளுக்கு இது பிடிக்குமா?” என்ற கேள்விக்கு அது விடையாகாது.

என் கணிப்பில் இந்தப் பாகம் சிறுவருக்குக் குறை வைக்கவில்லை. தொடரை நேசித்தவர்களின் வருத்தமும் நியாயமானதே. ஆசான்–மாணவர் உறவைத் திரும்பவும் மையத்தில் வைக்க முயன்றும், போவுக்கும் நரிக்கும் இடையே அந்தக் குச்சிச் சண்டைக்கு நிகரான ஒரு கணம் அமையவில்லை. நல்ல சந்தர்ப்பம் ஒன்று கைநழுவிப் போய்விட்டது.

திரும்பத் திரும்ப வரும் நான்கு விவாதங்கள்

1. உடம்பை வைத்துப் பகிடி. போவின் பருமனைக் கேலிசெய்யும் வசனங்கள் முதல் பாகத்தில் நிறைய. இதைப் பெற்றோர் சிலர் கண்டிக்கிறார்கள். பாடசாலையில் அதே கேலிக்கு ஆளாகும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதால் கண்டிப்பில் நியாயம் உண்டு. அதே நேரம் படம் எந்தத் திசையில் நகர்கிறது என்றும் பார்க்க வேண்டும். கேலிக்குள்ளான வயிறே கடைசிச் சண்டையில் எதிரியான பனிச்சிறுத்தையைத் தூக்கியெறியும் ஆயுதமாகிறது. ‘வெறும் பருத்த பாண்டா’ என்று எதிரி இகழும்போது, அந்த அடையாளத்தை மறுக்காமல் பெருமையோடு ஏற்றுக்கொள்கிறான் போ. மெலிந்துதான் வெல்ல வேண்டும் என்று படம் சொல்லவில்லை. படம் முடிந்த பின் பிள்ளையோடு பேசவேண்டிய விடயம் இது.

2. வன்முறை. நான்கு பாகங்களுக்கும் அமெரிக்காவில் ‘பீஜி’ தரமே வழங்கப்பட்டது. சில காட்சிகள் சிறுவருக்குப் பொருந்தாமல் போகலாம், பெற்றோர் கவனிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். ‘எல்லாருக்கும் ஏற்றது’ என்று அதை வாசிப்பது தவறு.

3. சீனப் பண்பாடு யாருக்குச் சொந்தம்? முதல் பாகம் வந்தபோது சீனக் கலைஞர் ஷாவோ பான்டி அதைப் புறக்கணிக்கும்படி அழைப்பு விடுத்தார். பாண்டாக்களின் தாயகமான சிச்சுவானில் 2008 மே மாதம் பெரும் பூகம்பம் நடந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அந்த மாகாணத்தில் படம் ஒருநாள் தாமதமாகவே திரைக்கு வந்தது. ஆனாலும் சீனாவில் 100 மில்லியன் யுவான் வசூலைத் தாண்டிய முதல் அனிமேஷன் படமும் அதுவே. “நம் பாண்டா, நம் குங்ஃபூ, நாம் ஏன் இப்படியொரு படம் எடுக்கவில்லை?” என்ற கேள்வி அங்கே வெளிப்படையாக எழுந்தது. மூன்றாம் பாகத்தைச் சீனக் கூட்டு நிறுவனத்தோடு சேர்ந்தே தயாரித்தார்கள். சீன மொழிப் பதிப்புக்காகப் பாத்திரங்களின் வாயசைவைத் தனியாக வரைந்தார்கள்.

4. “குங்ஃபூ தமிழனுடையது.” தமிழில் எழுதப்படும் கருத்துகளில் இது தவறாமல் வரும். போதிதர்மர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் என்று சொல்லும் பழைய சீனக் குறிப்பு உண்டு. ஆனால் அவர் ஷாவோலின் துறவிகளுக்கு உடற்பயிற்சி கற்பித்தார் என்ற கதைக்கு அடிப்படையாகக் காட்டப்படும் நூல் 17ஆம் நூற்றாண்டுக்கு உரியது. அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிந்தியது. ஆய்வாளர் அதை வரலாறாக ஏற்பதில்லை. சிலம்பம் என்ற சொந்தக் கலை கையிலிருக்கும்போது இந்தக் கதையில் தொங்க வேண்டிய தேவை நமக்கில்லை. படத்தின் தரத்துக்கும் இதற்கும் தொடர்பும் இல்லை.

எந்த மொழியில் பார்க்கிறோம்?

நகைச்சுவையில் பாதி மொழி. போவின் பேச்சில் வீரகாவிய நடையும் சிறுபிள்ளைத் துள்ளலும் மாறிமாறி வரும். சிரிப்பு பிறப்பது அந்த மாற்றத்தில். ஆங்கிலம் சரளமாக விளங்காத பிள்ளைக்கு அடி விழும் காட்சிகள் மட்டும் மிஞ்சும். “வெறும் சண்டைப் படம்” என்று வீட்டில் சொல்லப்படும் கருத்து சில வேளைகளில் மொழி விளங்காததன் விளைவே.

சிங்களப் பிள்ளைகளுக்கு ஒலிமாற்றத் துறையில் நல்ல முன்னோடி ஒருவர் இருந்தார். 1982இல் தொடங்கிய ரூபவாஹினியில் டைட்டஸ் தொட்டவத்த வெளிநாட்டுக் கார்ட்டூன்களைச் சிங்களத்துக்குக் கொண்டுவந்தபோது சொல்லுக்குச் சொல் மாற்றவில்லை. கிராமத்துப் பேச்சையும் பாட்டையும் பகிடியையும் ஊட்டி, அவற்றை அந்த மண்ணின் பிள்ளைகளாகவே ஆக்கினார். எங்கள் பேச்சில், எங்கள் பகிடியோடு அப்படியொரு மரபு இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வாய்க்கவில்லை. 2007இல் தொடங்கிய சுட்டி டிவி போன்ற இந்திய அலைவரிசைகளின் தமிழைத்தான் அவர்கள் கேட்டு வளர்ந்தார்கள். இந்தியாவில் தமிழில் ஒலிமாற்றம் செய்யப்படும் ஹொலிவூட் படங்கள் பெரும்பாலும் சென்னைப் பேச்சையும் தமிழ்த் திரைப்படச் சாயலையும் நம்பிச் சிரிக்க வைக்க முயல்பவை. கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கு அதில் பல விளங்கும், சில நழுவும்.

ஆகவே தமிழில் எழுதப்பட்ட ஒரு கருத்தை வாசிக்கும்போது, எழுதியவர் பார்த்தது ஆங்கிலப் பதிப்பா, தமிழ்ப் பதிப்பா என்று தேடிப் பாருங்கள். இரண்டும் ஒரே படமல்ல என்று சொல்லுமளவுக்கு நகைச்சுவை மாறியிருக்கலாம்.

எந்த எண்ணும் சொல்லாத ஒன்று

நான்கில் எனக்கு மிகச் சிறந்ததாகத் தோன்றுவது இரண்டாம் பாகம். கவனமாகப் பரிந்துரைக்க வேண்டியதும் அதுவே. அதில் போ தன் பிறப்பைத் தேடுகிறான். வளர்ப்புத் தந்தையான வாத்து, முள்ளங்கிப் பெட்டி ஒன்றுக்குள் குழந்தையாக அவனைக் கண்டெடுத்த கதையைச் சொல்கிறது. பிறகு மறைந்திருந்த நினைவு மீள்கிறது. எரியும் ஊர். துரத்தும் ஓநாய்கள். தாய் குழந்தையைப் பெட்டிக்குள் ஒளித்து, அது அழாதபடி முகத்தைத் தடவிவிட்டு, துரத்துபவர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பனிக்குள் ஓடுகிறாள். அவள் திரும்பி வருவதில்லை. இந்த நினைவுகளைக் கணினிப் படத்தின் பளபளப்பிலிருந்து விலக்கி, கையால் வரைந்த ஓவியத்தின் சாயலில் காட்டியிருக்கிறார்கள்.

வேறு நாட்டுப் பார்வையாளர் இதைப் பற்றி “சிறுவருக்குக் கொஞ்சம் சோகம்” என்று ஒரு வரியில் எழுதிக் கடந்துபோகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1983 ஜூலையில் கையில் பிள்ளையோடு ஓடிய அம்மம்மாமார் இருக்கிற வீடுகளில், வன்னியிலிருந்து ஒற்றைப் பையோடு வந்து கொழும்பில் குடியேறிய வீடுகளில், அதே காட்சி ஒரு வரியில் கடக்கக்கூடியதல்ல. பேரப்பிள்ளை அம்மம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். ஏன் அழுகிறீர்கள் என்று கேட்கும்.

அதற்காக அந்தப் படத்தைத் தவிர்க்கச் சொல்லவில்லை. போ அந்த நினைவை எதிர்கொண்டு, வெறுப்பில் எரியாமல் அமைதி அடைகிறான். முடிவில் நூடுல்ஸ் கடைக்குத் திரும்பி, வளர்த்த வாத்தைக் கட்டிக்கொண்டு, தான் அவருடைய மகன்தான் என்று சொல்கிறான். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு வீட்டில் பார்ப்பதற்கு இதைவிட நல்ல குடும்பப் படங்கள் சிலவே. ஆனால் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளையென்றால் முதல் பாகத்தோடு தொடங்குவது நல்லது. இரண்டாம் பாகத்துக்கு வரும்போது நிறுத்தி வைக்கும் வசதியுள்ள வீட்டுத் திரையில் பாருங்கள். முள்ளங்கிப் பெட்டி திரையில் தெரியும்போது அம்மம்மாவுக்கு அருகில் யாராவது உட்கார்ந்திருங்கள்.